ஜிஸ்ட் கட்டி அறுவைக்குப் பிறகு: உடனே மாத்திரையா, மரபணுச் சோதனை பார்த்த பிறகா?

வயிற்றிலோ சிறுகுடலிலோ இருந்த கட்டியை எடுத்தாகிவிட்டது. தையல் பிரித்து வீட்டுக்கும் வந்தாகிவிட்டது. சில நாள் கழித்துக் கைக்கு வந்த பத்தாலஜி ரிப்போர்ட்டில் ‘ஜிஸ்ட்’ என்று இருக்கிறது; உணவுப்பாதையின் சுவரில் வரும் ஒருவகைப் புற்றுநோய் அது. கீழே ‘ஹை ரிஸ்க்’, அதாவது நோய் திரும்ப வர வாய்ப்பு அதிகம், என்று ஒரு வரி. அடுத்து என்ன செய்வது? மருந்து எதுவும் இல்லாமல் ஸ்கேன் மட்டும் எடுத்துப் பார்த்துக்கொண்டே வரலாம். நாளைக்கே இமாடினிப் என்ற புற்றுநோய் மாத்திரையைத் தொடங்கலாம். அல்லது எடுத்த கட்டியில் மரபணுச் சோதனை செய்து, என்ன மாற்றம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு முடிவெடுக்கலாம்.

நான் வேலை பார்ப்பது திசு ஆய்வகத்தில். இந்த மூன்று வழிகளுக்கு நடுவில் நிற்கும் குடும்பங்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரிஸ்க் அதிகமுள்ள ஜிஸ்ட்டில், சோதிக்கத் திசு கையில் இருக்கும்போது, மரபணு முடிவு வராமல் மூன்று வருட மருந்தைத் தொடங்குவது சரியில்லை. கடைசி முடிவு உங்கள் புற்றுநோய் மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டியது. அந்தப் பேச்சுக்குப் போகுமுன் எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சார்கோமா என்பது எலும்பு, தசை, கொழுப்பு, நரம்பு போன்ற இணைப்புத் திசுக்களில் தொடங்கும் புற்றுநோய்களின் பெரிய குடும்பம். அதில் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஜிஸ்ட் அவற்றில் ஒன்று; உணவுப்பாதையின் சுவரில் வருவது. மற்ற வகைகளை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. அறுவைக்குப் பிறகு மருந்து வேண்டுமா, வேண்டாமா, எத்தனை காலம் என்பதை மூலக்கூறு அடையாளம் மிகத் தெளிவாக வழிநடத்துவது சார்கோமாக்களில் இங்கேதான்.

1998இல் ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோட்டாவும் அவருடைய குழுவினரும் ஜிஸ்ட் செல்களில் ‘கிட்’ என்ற மரபணு மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் கிட் புரதம் வெளியிலிருந்து சமிக்ஞை வந்தால்தான் ‘பெருகு’ என்று உள்ளே உத்தரவு அனுப்ப வேண்டும். மாற்றம் வந்த புரதம், அணைக்க முடியாத சுவிட்ச் மாதிரி, சமிக்ஞை இல்லாமலே உத்தரவை அனுப்பிக்கொண்டிருக்கும். ரத்தப் புற்றுநோய்க்காக உருவான இமாடினிப் இந்தப் புரதத்தையும் அடக்கும் என்று தெரிந்ததும், 2000ஆம் ஆண்டு ஹெல்சின்கியில் நோய் பரவியிருந்த ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுத்தார்கள். கட்டிகள் சுருங்கின. அதுவரை எந்தக் கீமோதெரபிக்கும் சரியாகக் கட்டுப்படாத நோய் அது.

பரவிய நோயில் வேலை செய்த மருந்தை, கட்டியை முழுதாக எடுத்துவிட்டவர்களுக்கும் கொடுத்தால் திரும்ப வராமல் தடுக்குமா? இதைப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளைத் தெரிந்துகொள்வது நல்லது. முதலாவது அமெரிக்காவில் நடந்த இசட்9001. 3 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட ஜிஸ்ட் எடுக்கப்பட்ட 713 பேரில் ஒரு பாதிக்கு ஒரு வருடம் இமாடினிப், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. ஒரு வருடம் முடிந்தபோது நோய் திரும்பாமல் இருந்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் 98 சதவீதம், எடுக்காதவர்களில் 83. ஆனால் உயிரோடு இருந்தவர்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியவில்லை. மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பத் தொடங்கியது.

இரண்டாவது, பின்லாந்து, ஸ்வீடன், நார்வே, ஜெர்மனி சேர்ந்து நடத்திய ஆய்வு. ரிஸ்க் அதிகமுள்ள 400 பேர். ஒரு பிரிவுக்கு 1 வருடம், இன்னொரு பிரிவுக்கு 3 வருடம். ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 3 வருடப் பிரிவில் 92 சதவீதம், 1 வருடப் பிரிவில் 81.7 சதவீதம். பத்து வருடக் கணக்கு பின்னால் வந்தது: 79க்கு 65.3. அறுவைக்குப் பிந்தைய மருந்து என்றால் தினம் 400 மில்லிகிராம், மூன்று வருடம் என்று உலகம் முழுக்க எழுதப்படுவது இந்த ஆய்வை வைத்துத்தான்.

அப்படியானால் ‘ஹை ரிஸ்க்’ என்று வந்த எல்லோருக்கும் மூன்று வருடம் கொடுத்துவிட்டால் போகிறது, சோதனை எதற்கு? இந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

முதல் கேள்வி, நோய் திரும்ப வர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பது. இதற்கான பதில் பெரும்பாலும் மைக்ராஸ்கோப்பிலேயே கிடைத்துவிடும். கட்டியின் அளவு, எந்த உறுப்பில் இருந்தது, 5 சதுர மில்லிமீட்டர் பரப்பில் எத்தனை செல்கள் பிளவுபட்டுக்கொண்டிருக்கின்றன, அறுவைக்கு முன்போ அறுவையின்போதோ கட்டி உடைந்ததா என்ற நான்கும் தெரிந்தால் போதும். மியட்டினென், லாசோட்டா என்ற இரு ஆய்வாளர்கள் தந்த அட்டவணை இன்றும் எங்கள் மேஜையில் இருக்கிறது. 5 முதல் 10 செ.மீ. கட்டி, செல் பிளவு ஐந்துக்கு மேல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அது இரைப்பையில் இருந்தால் நோய் முற்றியவர்கள் 3.6 சதவீதம். அதே அளவு, அதே பிளவு, சிறுகுடலில் இருந்தால் 24 சதவீதம். செல் பிளவு ஐந்தைத் தாண்டினால் இரைப்பையில் 55, சிறுகுடலில் 85. ‘கட்டி எட்டு சென்டிமீட்டர்’ என்று மட்டும் சொன்னால் ஏன் எதுவும் புரியாது என்பதற்கு இந்த எண்களே போதும். கட்டி வயிற்றுக்குள் உடைந்திருந்தால் மற்ற எண்கள் எப்படி இருந்தாலும் ரிஸ்க் அதிகம்தான்.

இரண்டாவது கேள்வி, கொடுக்கப்போகும் மருந்து இந்தக் கட்டியில் வேலை செய்யுமா என்பது. இதற்கு அளவும் பிளவும் பதில் சொல்லாது. சிடி117, டாக்1 என்ற சாயச் சோதனைகளும் சொல்லாது. அவை இது ஜிஸ்ட்டா இல்லையா என்பதை மட்டும்தான் சொல்லும். சிடி117 பாசிட்டிவ் என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் ‘அப்போ மாத்திரை கேட்கும்’ என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. படித்தவர்களும் இதில் குழம்புகிறார்கள். சிடி117 என்றால் கிட் புரதம் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் புரதத்தில் எந்த இடத்தில் கோளாறு, அல்லது கோளாறு வேறு மரபணுவில் இருக்கிறதா என்பதை டிஎன்ஏவைப் படித்தால்தான் தெரியும்.

படித்துப் பார்த்தால் என்ன வரும்? ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குக் கிட் மரபணுவின் எக்ஸான் 11 என்ற பகுதியில் மாற்றம் இருக்கும். இமாடினிப் மிக நன்றாக வேலை செய்வது இவர்களுக்கு. அதிலும் 557, 558 என்ற இடங்கள் நீங்கிப்போயிருந்தால் நோய் திரும்பும் வேகமும் அதிகம், மருந்தால் கிடைக்கும் பலனும் அதிகம். மேலே சொன்ன நான்கு நாட்டு ஆய்வைப் பின்னால் மரபணு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, மூன்று வருடம் எடுத்ததால் தெளிவான லாபம் தெரிந்தது எக்ஸான் 11இல் நீக்கம் இருந்தவர்களுக்குத்தான்.

பத்தில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவாக, எக்ஸான் 9இல் மாற்றம் இருக்கும். இது பெரும்பாலும் சிறுகுடல் கட்டிகளில் வரும். நோய் பரவிய நிலையில் இவர்களுக்கு 400க்குப் பதில் 800 மில்லிகிராம் கொடுத்தால் கட்டுப்பாடு நீடிக்கிறது. அறுவைக்குப் பிந்தைய மருந்திலும் 800 கொடுக்கலாமா என்பதில் மருத்துவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. பழைய பதிவேடுகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வில் 800ஆல் கூடுதல் லாபம் தெரியவில்லை. பக்கவிளைவு மட்டும் கட்டாயம் கூடும் என்பதால், தெளிவான காரணம் இல்லாமல் இரட்டிப்பாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

நூற்றில் ஐந்தாறு பேருக்குக் கோளாறு கிட்டில் இருக்காது. பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற அதன் உறவுக்கார மரபணுவில், எக்ஸான் 18இல், 842ஆம் இடத்தில் இருக்கும். டி842வி என்று எழுதுவார்கள். இந்த ஒரு எழுத்து மாற்றம் புரதத்தை எப்போதும் செயல்படும் வடிவத்திலேயே நிறுத்திவிடுகிறது. இமாடினிப் போய் ஒட்டுவது செயல்படாத வடிவத்தில்தான். அதனால் டி842வி உள்ளவருக்கு இமாடினிப் கொடுத்தால் மூன்று வருடம் பக்கவிளைவு மட்டுமே மிஞ்சும். இந்தக் கட்டிகள் பெரும்பாலும் இரைப்பையில் வருபவை, பொதுவாக மெதுவாக நடந்துகொள்பவை என்பது ஒரு ஆறுதல். இவர்களுக்கு அறுவைக்குப் பிறகு இமாடினிப் கொடுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் வெளிப்படையாகவே சொல்கிறது. பரவிய நிலையில் இதே மாற்றத்துக்கு அவாப்ரிட்டினிப் என்ற மருந்துக்கு 2020இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆனால் அறுவைக்குப் பிறகு தடுப்பாக அதைக் கொடுக்கலாம் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

மீதி பத்து முதல் பதினைந்து சதவீதம் பேருக்கு இந்த இரண்டு மரபணுவிலும் எதுவும் கிடைக்காது. ‘எதுவும் இல்லை’ என்று வந்த ரிப்போர்ட்டை அப்படியே மூடி வைத்துவிடக் கூடாது. இளம் வயதினர், குறிப்பாகப் பெண்கள், இரைப்பையில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள், நிணநீர் முடிச்சிலும் பரவல் என்று இருந்தால் எஸ்டிஹெச் (செல்லுக்கு ஆற்றல் தயாரிப்பதில் பங்குள்ள ஒரு நொதி) குறைபாட்டைத் தேட வேண்டும். எஸ்டிஹெச்பி சாயச் சோதனை ஒன்றே போதும். அது எங்கள் லேபில் வழக்கமாகப் போடும் சாயங்களைப் போன்றதுதான். இவர்களில் பலருக்கு இது பிறவியிலேயே வந்த மாற்றமாக இருக்கும். கழுத்திலும் அட்ரினல் பகுதியிலும் பாராகேங்லியோமா என்ற வேறு கட்டிகள் வரலாம். உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டி வரும். உடம்பில் பால்கலந்த காபி நிறத் திட்டுகளும் சிறுகுடலில் பல சிறு கட்டிகளும் இருந்தால் என்எஃப்1 என்ற மரபு நோயாக இருக்கலாம். இந்த இரண்டு வகையிலும் இமாடினிப்பால் பெரிதாகப் பயனில்லை.

இப்போது உடனே மாத்திரை தொடங்கும் வழியை நேர்மையாகப் பார்ப்போம். சோதனை செய்யாமல் கொடுத்தாலும் நான்கில் மூன்று பேருக்குச் சரியான மருந்துதான் போய்ச் சேரும். இமாடினிப் இந்தியாவில் இன்று எட்டக்கூடிய விலையில் கிடைக்கிறது. அதற்குப் பின்னால் சென்னையோடு பிணைந்த ஒரு வரலாறு உண்டு. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக் (இமாடினிப்பின் வணிகப் பெயர்) காப்புரிமை விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்து நிறுவனம் போட்ட வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று உறுதிசெய்தது. அந்தக் காலத்தில் கிளிவெக் மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய் என்றும், இந்திய நிறுவனங்களின் மாத்திரை 8,000 முதல் 10,000 ரூபாய் என்றும் பேசப்பட்டது. இந்தத் தீர்ப்புகள் இல்லாவிட்டால் மூன்று வருட மருந்து என்பதே நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு எட்டாத கனவாகியிருக்கும்.

ஆனால் மருந்து மலிவானதில் எதிர்பாராத ஒன்றும் நடந்திருக்கிறது. மாத்திரை லட்ச ரூபாயாக இருந்தபோது, அதை வாங்குமுன் ஒரு சோதனை செய்வது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. இப்போது ஒரு மாத மாத்திரையைவிடச் சோதனைக்குச் செலவு அதிகம். ‘இந்தப் பணத்துக்கு மருந்தே வாங்கிவிடலாமே’ என்று தோன்றுவது இயல்பு. ஒரு மாத மாத்திரையோடு ஒப்பிடும்போதுதான் கணக்கு அப்படி வருகிறது. ஒப்பிட வேண்டியது முப்பத்தாறு மாத மாத்திரையோடும், அதோடு வரும் ரத்தப் பரிசோதனை, மருத்துவமனைப் பயணம், வேலைக்கு விடுப்பு எல்லாவற்றோடும்.

பக்கவிளைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி வீக்கம், இரவில் கெண்டைக்கால் பிடிப்பு, குமட்டல், வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, சோர்வு. பெரும்பாலும் தாங்கக்கூடியவைதான். ஆனாலும் நான்கு நாட்டு ஆய்வின் 3 வருடப் பிரிவில், நோய் திரும்பியது அல்லாத காரணங்களால் நான்கில் ஒருவர் இடையிலேயே நிறுத்திவிட்டார். மருந்து வேலை செய்யும் உடம்பில் இதையெல்லாம் தாங்கலாம், தாங்கவும் வேண்டும். வேலையே செய்யாத உடம்பில் ஒருவரை மூன்று வருடம் இப்படி வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதைவிடப் பெரிய நஷ்டம், ‘மருந்து சாப்பிடுகிறோமே’ என்ற நம்பிக்கையில் ஸ்கேன் தேதிகளைத் தள்ளிப்போடுவது. எஸ்டிஹெச் குறைபாடு உள்ளவரின் தங்கைக்கு வந்திருக்க வேண்டிய எச்சரிக்கை வராமலே போவதும் இதே கணக்கில்தான் சேரும்.

ஒரு பெண் சோதனைக்காகத் திசு பதித்த மெழுகுக் கட்டையை (பிளாக்) வாங்கிப் போக வந்தபோது கவுண்டரில் நின்று கேட்டது இது: “சார், டெஸ்ட் ரிசல்ட் வர மூணு வாரம் ஆகும்னு சொல்றாங்க. அதுவரைக்கும் அப்பாவுக்கு மாத்திரை கொடுக்காம இருந்தா பரவிடாதா?” நான் சொன்னேன்: “பரவாதும்மா. அந்த ஆய்வுகள்லயே ஆபரேஷன் முடிஞ்சு பன்னிரண்டு வாரம் வரைக்கும் மருந்து தொடங்க நேரம் கொடுத்திருந்தாங்க. உங்களுக்கு இன்னும் அஞ்சு வாரம்கூட ஆகலை.” எல்லாக் குடும்பத்துக்கும் இருக்கும் பயம் இதுதான், காத்திருந்தால் கெட்டுவிடும் என்பது. இசட்9001இல் அறுவை நடந்து 84 நாட்களுக்குள் தொடங்கினால் போதும் என்று வைத்திருந்தார்கள். காயம் ஆறவும், வயிறு உணவுக்குப் பழகவும் எப்படியும் சில வாரம் ஆகும். அந்த இடைவெளியிலேயே சோதனை முடிந்துவிடும்.

சோதனை என்று முடிவானால், எது? இதிலும் தேர்வு இருக்கிறது.

கிட் மரபணுவின் எக்ஸான் 9, 11, 13, 17, பிடிஜிஎஃப்ஆர்ஏவின் 12, 14, 18 என்று குறிப்பிட்ட பகுதிகளை மட்டும் படிக்கும் சோதனை ஒன்று. செலவு குறைவு, பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே விடை கிடைத்துவிடும். என்ஜிஎஸ் என்ற பெரிய சோதனை பல மரபணுக்களை ஒரே ஓட்டத்தில் படிக்கும். பிராஃப், எஸ்டிஹெச், என்எஃப்1 போன்றவையும் அதில் வந்துவிடும். ஆர்என்ஏவும் சேர்த்துப் படித்தால் அபூர்வமான என்டிஆர்கே இணைவுகளும் (அந்த மரபணு இன்னொன்றோடு ஒட்டிக்கொள்வது) தெரியும், அதற்குத் தனி மருந்தே இருக்கிறது. பண வசதி இருந்தால் நேராக என்ஜிஎஸ் போகலாம். இல்லாதவர்கள் முதலில் சிறிய சோதனை, அதில் எதுவும் கிடைக்காவிட்டால் எஸ்டிஹெச்பி சாயம், அதன் பிறகே என்ஜிஎஸ் என்று படிப்படியாகப் போகலாம். இந்த வரிசையில் போனால் முக்கியமான எதையும் இழக்க மாட்டீர்கள். ரிப்போர்ட்டில் பிடிஜிஎஃப்ஆர்ஏவின் எக்ஸான் 18 படிக்கப்பட்டதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். கிட்டை மட்டும் படித்துவிட்டு ‘மாற்றம் இல்லை’ என்று வரும் ரிப்போர்ட் பாதி வேலைதான்.

ரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏவைப் பார்க்கும் சோதனையும் இப்போது விளம்பரமாகிறது. ஊசியால் ரத்தம் எடுத்தால் போதும் என்பதால் ஈர்ப்பாக இருக்கும். கட்டியை முழுதாக எடுத்த பிறகு ரத்தத்தில் தேடிக் கிடைக்காமல் போவது சகஜம். அதை வைத்து நோய் இல்லை என்றோ, மரபணு மாற்றம் இல்லை என்றோ முடிவு செய்ய முடியாது. திசு இருக்கும்போது ரத்தத்தில் தேடி இந்த முடிவை எடுக்காதீர்கள்.

திசு என்றால் பாரஃபின் பிளாக். கட்டியிலிருந்து வெட்டிய துண்டை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து வைத்திருக்கும் சின்னக் கட்டை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்துத்தான் டிஎன்ஏ பிரிக்கிறோம். திசு சரியான ஃபார்மலினில், சரியான நேரம் ஊறியிருந்தால் வருடங்கள் கழித்தும் டிஎன்ஏ கிடைக்கும். ஐந்தாறு நாள் ஃபார்மலினிலேயே கிடந்துவிட்டால் டிஎன்ஏ துண்டுதுண்டாகிவிடும். பெரிய கட்டியை வெட்டித் திறக்காமல் முழுதாக அப்படியே போட்டுவைத்தால் உள்பகுதி அழுகிவிடும். அதனால் அறுவைக்கு முன்பே ஜிஸ்ட் சந்தேகம் இருந்தால், ‘மியூட்டேஷன் டெஸ்ட் செய்ய வேண்டியிருக்கும்’ என்று மருத்துவரிடமும் லேபிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இன்னொன்று: கட்டியைச் சுருக்க அறுவைக்கு முன்பே இமாடினிப் கொடுத்திருந்தால், எடுத்த கட்டியில் உயிருள்ள செல்கள் குறைவாக இருக்கும். அப்போது மருந்துக்கு முன் எடுத்த பயாப்ஸி பிளாக்கைத்தான் அனுப்ப வேண்டும். செல் பிளவு எண்ணிக்கையும் அந்த நிலையில் நம்பத் தகாதது.

சரி, மருந்தே வேண்டாம் என்ற முதல் வழி யாருக்கு? ரிஸ்க் மிகக் குறைவு அல்லது குறைவு என்று வந்தவர்களுக்கு இதில் யோசிக்கவே தேவையில்லை. கண்காணிப்பு போதும், பெரும்பாலும் மரபணுச் சோதனைகூட அவசரமில்லை. டி842வி, எஸ்டிஹெச் குறைபாடு, என்எஃப்1 வகைகளுக்கு ரிஸ்க் அதிகமானாலும் இதுவே சரியான வழி. இமாடினிப் கொடுக்காமல் இருப்பது அங்கே கைவிடுவது ஆகாது. ஸ்கேன்களை நெருக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நடுத்தர ரிஸ்க்கில்தான் உண்மையான இழுபறி. அங்கே எக்ஸான் 11 நீக்கம் இருந்தால் மருந்தின் பக்கம் சாயலாம். மற்றவர்கள் வயது, உடல்நிலை, விருப்பம் பார்த்து முடிவெடுக்கலாம்.

எக்ஸான் 11 என்று வந்து மாத்திரையும் தொடங்கியவர்களுக்கு மூன்று வருட முடிவில் இன்னொரு ஒப்பீடு காத்திருக்கிறது: நிறுத்துவதா, தொடர்வதா? நிறுத்திய ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் நோய் திரும்புவது கூடுகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். அமெரிக்காவில் 91 பேருக்கு ஐந்து வருடம் கொடுத்துப் பார்த்த பெர்சிஸ்ட்-5 ஆய்வில், மருந்துக்குக் கட்டுப்படும் மாற்றம் இருந்த யாருக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் நோய் திரும்பவில்லை. எடுத்துக்கொண்டிருக்கும்போதே திரும்பிய ஒருவருக்கு இருந்தது டி842வி. அதே ஆய்வில் பாதிப்பேர் ஐந்து வருடம் முடிக்காமலே நிறுத்தினார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மூன்று வருடம் முடித்தவர்களை மேலும் மூன்று வருடம் தொடரவைத்த பிரெஞ்சு ஆய்வு 2024இல் வெளியானது. தொடர்ந்தவர்களுக்கு நோய் திரும்புவது தெளிவாகக் குறைந்தது; ஆயுள் கூடியதாக இதுவரை தெரியவில்லை.

கட்டி உடைந்திருந்தாலோ, சிறுகுடலில் பெரிய கட்டியும் அதிகச் செல் பிளவும் எக்ஸான் 11 நீக்கமும் சேர்ந்திருந்தாலோ, மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொண்டால் மூன்று வருடத்துக்கு மேலும் தொடர்வது நியாயம் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் மூன்றில் நிறுத்திவிட்டு, அடுத்த இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பதைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். நிறுத்திய பிறகு திரும்பினாலும் அதே இமாடினிப் மறுபடி வேலை செய்யும் வாய்ப்பு அதிகம். மாத்திரை எடுக்கும் காலத்தில் காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ வலிப்புக்கு ஃபெனிட்டாயினோ தொடங்க நேர்ந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டுமே உடம்பில் இமாடினிப் அளவைக் குறைத்துவிடும்.

மற்ற சார்கோமாக்களுக்கும் இப்படிச் சோதித்து முடிவெடுக்க முடியாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கை கால்களில் வரும் மென்திசு சார்கோமாக்களில் மரபணுச் சோதனை இப்போதைக்குப் பெரும்பாலும் வகையைக் கண்டுபிடிக்கத்தான் உதவுகிறது. எம்டிஎம்2 மரபணுவின் பெருக்கம் இருந்தால் ஒருவகைக் கொழுப்புத் திசு சார்கோமா, எஸ்எஸ்18 இணைவு இருந்தால் சைனோவியல் சார்கோமா என்று. பிரான்சில் 2010இல் வெளியான சின்சார்க் என்ற 67 மரபணுக் கணக்கு, நோய் பரவுமா என்பதை, மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தரும் வழக்கமான கிரேடைவிட நன்றாகக் கணிக்கிறது. ஆனால் பரவும் என்று கணிப்பதும், கீமோ கொடுத்தால் தடுக்கலாம் என்பதும் வேறு வேறு; இரண்டாவதற்கு அந்தக் கணக்கு இன்னும் அன்றாட மருத்துவத்தில் வழிகாட்டியாகவில்லை. 351 பேரை வைத்து நடந்த ஐரோப்பிய ஆய்வில் அறுவைக்குப் பிந்தைய கீமோ மொத்தமாகப் பார்த்தால் ஆயுளைக் கூட்டவில்லை. பின்னால் அதே ஆய்வை வயது, அளவு, கிரேடு, வகை ஆகியவற்றை வைத்து ரிஸ்க் வாரியாகப் பிரித்தபோது, மிக அதிக ரிஸ்க் இருந்தவர்களுக்கு லாபம் தெரிந்தது. ஆக, அங்கே இன்றும் வழிகாட்டுவது மைக்ராஸ்கோப்பும் அளவுகோலும்தான். அந்த வகை நோயாளிகளுக்கு விலை உயர்ந்த மரபணு ரிப்போர்ட்டைக் காட்டிக் கீமோவைச் சேர்ப்பதோ நிறுத்துவதோ நடந்தால், இன்னொரு சார்கோமா மையத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பிளாக்கே கிடைக்கவில்லை, அல்லது டிஎன்ஏ சிதைந்து சோதனை தோற்றுவிட்டது என்ற நிலையும் வருகிறது. முதலில் பழைய பயாப்ஸி பிளாக் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். எண்டோஸ்கோப்பி செய்த இடத்தில், முதலில் காட்டிய சின்ன ஆஸ்பத்திரியில் கேட்டால் பலமுறை கிடைக்கிறது. எங்குமே இல்லையென்றால், ரிஸ்க் அதிகமுள்ளவருக்கு மாத்திரையைத் தொடங்குவதுதான் சரி, ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு அது வேலை செய்யும் மருந்து. அப்படித் தொடங்கினால் ஃபைலில் ‘மரபணு தெரியாது’ என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். மாத்திரை எடுக்கும்போதே நோய் திரும்பினால், அளவைக் கூட்டவோ மருந்தை மாற்றவோ முன்பு, புதிதாக வந்த கட்டியிலிருந்து பயாப்ஸி எடுத்து முதலில் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.